மதுரையில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்: பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் மேம்படுத்த முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பெருமாள்மலையைக் கடந்து, டம் டம் பாறையையும் கடந்த பிறகு, ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மூட்டைக்குள் இறங்குவதுபோல் இறங்கிக்கொண்டே போனது. கார் நிற்கவில்லை. இரண்டாவது கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைச்சுவர்ப் பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். பின் இருக்கையில் அம்மாவும் மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது. எங்கும் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை.

மதுரைக்குத் திரும்பிப் பிரேக் ஆயில் குடுவையின் மூடியைத் திறந்தோம். உள்ளே இருந்தது கருப்பட்டிக் காப்பியின் நிறத்தில் இருந்தது. மூன்று மாதம் முன்பு ஒரு பட்டறையில் ‘பிரேக் ஆயில் மாற்றம்’ என்று பில் போட்டுக் காசு வாங்கியிருந்தார்கள். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்பினார்களே தவிர, பழையதை யாரும் வெளியே எடுக்கவில்லை. அன்று முதல் இந்த வேலையை நானே கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். ஐந்து ஆண்டுகளில் கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

என் கார் 2001ஆம் ஆண்டு ஃபோர்டு ஐகான் 1.6. நான்கு கதவு வைத்த காரை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் ஓட்டுவதற்காகவே கார் வாங்கிய நம் ஊர்க்காரர்களின் ஆசை ஐகான் 1.6, ஹோண்டா சிட்டி வி-டெக், பாலியோ 1.6 போன்ற கார்களில்தான் இருந்தது. ஐகான் நம் மறைமலை நகரில் செய்யப்பட்டது. 2022இல் அந்த ஆலையில் கார் உற்பத்தியும் நின்றுவிட்டது. ஆகவே இருப்பதைக் காப்பாற்றி ஓட்டுவதுதான் வழி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்பக்கம் ட்விஸ்ட் பீம் (பின்சக்கரம் இரண்டையும் இணைக்கும், முறுக்கிக்கொடுக்கும் தண்டு), சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. அக்காலக் கார்கள் பலவற்றுக்கும் இதே அமைப்புதான் என்பதால் இங்கே சொல்வது அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது வயதுக் காரில் மேம்பாட்டின் முக்கால் பங்கு, தேய்ந்ததைப் புதிதாக்குவதில் இருக்கிறது. சிவப்புக் காலிப்பரும் (பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் கவ்வி) தாழ்ந்த ஸ்பிரிங்கும் அதற்குப் பிறகுதான். டயரில் தொடங்குங்கள், பிறகு பிரேக், பிறகு சஸ்பென்ஷன். எஞ்சினைத் தொடும் ஆசை இருந்தால் இவை அனைத்தும் முடியும் வரை தள்ளி வையுங்கள்.

படி 1: காசு செலவழிக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஒரு நோட்டு, ஒரு டார்ச், ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட் போதும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் வேலையைத் தொடங்காதீர்கள்.

முன் சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் இரு கைகளாலும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் மட்டும் ஆட்டம் தெரிகிறதென்றால் டை ராட் எண்ட் அல்லது ஸ்டீயரிங் ரேக். கார் நிற்கும்போது ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்புங்கள். ஸ்பிரிங் முறுக்கி விடுவதுபோல் ‘டங்’ என்று சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுண்டின் பேரிங் போய்விட்டது. ஷாக் அப்சார்பரின் தண்டைச் சுற்றி எண்ணெய் ஈரமும் அதன்மேல் மண்ணும் அப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. காரின் மூலையை அமுக்கி விட்டுப் பார்க்கும் சோதனையை எல்லோரும் செய்கிறார்கள். அது அடியோடு செத்த ஷாக்கை மட்டுமே காட்டிக்கொடுக்கும், பாதி போனதைக் காட்டாது.

கண்டதையெல்லாம் நோட்டில் எழுதுங்கள். என் நோட்டில் பதினான்கு வரி வந்தது. அவற்றில் ஒன்றுகூட மேம்பாடு அல்ல, எல்லாமே பழுது.

படி 2: சட்டத்தின் எல்லை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. 15 ஆண்டு கடந்த காருக்கு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் காரை நிறுத்தியாக வேண்டும். தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே அளவில் தரமான பாகம் போடுவதில் சிக்கல் இல்லை. அளவு மாறும் எதையும் செய்யும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

படி 3: டயர்

எவ்வளவு பெரிய பிரேக் போட்டாலும் காரை நிறுத்துவது சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நான்கு உள்ளங்கையளவு ரப்பர்தான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடும் ஆசைக் காரில் பட்டன் (டயர் முகத்தின் மேடுகள்) தேயாமலேயே ரப்பர் கல்லாகிவிடும். மதுரைச் சித்திரை வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் காருக்கு இது இன்னும் விரைவாக நடக்கும். ஆறு வயது கடந்த டயரைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

ரிம் மாற்ற நினைத்தால் போல்ட் வட்டத்தின் விட்டத்தைக் கவனியுங்கள். ஐகானுக்கு நான்கு போல்ட், 108 மி.மீ. வட்டம். நம் கடைகளில் தொங்கும் அலாய் வீல்களில் பெரும்பாலானவை 100 மி.மீ. வட்டம் கொண்டவை. துளையைச் சற்று அகட்டிப் பொருத்தித் தருகிறோம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். சாய்ந்து உட்கார்ந்த நட்டு ஓடும்போது தளரும். நடுத்துளையும் ஐகானுக்கு 63.4 மி.மீ.; பெரிய துளையுள்ள ரிம் என்றால் இடையில் வளையம் போட்டு இறுக்கமாக உட்கார வைக்க வேண்டும். ரிம் ஓர் அங்குலம் கூடினால், டயரின் மொத்த உயரம் மாறாதபடி பக்கச்சுவர் குறைந்த டயரைத் தேர்ந்தெடுங்கள்.

படி 4: பிரேக் ஆயிலும் ஹோஸும்

வேலையின் உயிர்நாடி இதுதான். கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காட்ரோடு அடிவாரம் ஏறத்தாழ 300 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள ஒரு கார் இந்த 1,800 மீட்டரை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், எழுபது எண்பது லிட்டர் தண்ணீரைக் கொதி வரும் வரை காய்ச்சப் போதும். கல்யாண வீட்டு அண்டா ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். எஞ்சினும் காற்றும் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கின்றன. மீதி வெப்பம் முழுதும் இரண்டு டிஸ்க்கிலும் இரண்டு டிரம்மிலும் இறங்குகிறது. அங்கிருந்து பேட் வழியாகக் காலிப்பருக்கும், காலிப்பரிலிருந்து ஆயிலுக்கும் போகிறது.

புட்டியில் டாட் (DOT) 3 என்று தரம் குறித்த ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. டாட் 4க்கு இந்த எல்லை 230, டாட் 5.1க்கு 260. ஆனால் இந்த ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் டாட் 3க்கான எல்லை 140 டிகிரிக்கு இறங்குகிறது, டாட் 4க்கு 155 டிகிரிக்கு. அந்த நிலையில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். அதனால்தான் அன்று என் பெடல் இறங்கியது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிக் கெட்டியானது. பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லையென்றால் அது வேறு நோய்: பேட் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. இரண்டையும் காலாலேயே பிரித்தறியப் பழகுங்கள்.

நல்ல டாட் 4 போதும். மூடிய புட்டியாக வாங்குங்கள். போன ஆண்டு பாதி பயன்படுத்திய புட்டியைத் தூக்கி எறியுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும். பெயர் ஒத்துப்போகிறதே என்று டாட் 5 ஊற்றிவிடாதீர்கள். அது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

அடுத்தது ரப்பர் ஹோஸ். ஹோஸை மடக்கிப் பாருங்கள். மேல் தோலில் நுண்வெடிப்பு தெரிந்தால் நான்கையும் மாற்றுங்கள். வெளியே நன்றாக இருந்தும் உள்ளே கெட்டுப்போனதையும் பார்த்திருக்கிறேன். என் காரின் இடது முன் ஹோஸை நீளவாக்கில் கீறிப் பார்த்தபோது உள்துளை வீங்கி, ஊசி மட்டும் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. கால் அழுத்தத்தில் ஆயில் உள்ளே போகும், விட்டதும் திரும்பி வராது. அந்தச் சக்கரம் ஆறு மாதமாகத் தேய்த்துக்கொண்டே ஓடியிருக்கிறது. மைலேஜ் குறைவதற்கு எஞ்சினைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எஃகு வலை பின்னிய ஹோஸ் போட்டால் பெடல் இன்னும் கெட்டியாக இருக்கும். போட்ட பிறகு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, சக்கரம் தொங்கும்போதும் தரையில் நிற்கும்போதும் ஹோஸ் இழுபடவில்லை, எதிலும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். எஃகு வலை தான் உரசும் பொருளை அறுத்துவிடும்.

படி 5: காலிப்பர், டிஸ்க், பேட், டிரம்

காலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். நகரும் பின்கள் இரண்டையும் உருவிப் பார்த்தால் ஒன்றாவது காய்ந்து கிடக்கும். துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் பிரேக்கின் ரப்பர்ப் பக்கம் போகக் கூடாது. பெட்ரோலியப் பொருள் பட்டால் சீல் ஊதிப் பெருத்துவிடும். நம் ஊர்ப் பட்டறைகளில் பாதிக்கு மேல் டீசலும் பிரஷும் வைத்துத்தான் கழுவுகிறார்கள். கையோடு ஒரு டின் பிரேக் கிளீனர் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். யாருக்கும் வருத்தம் இருக்காது.

டிஸ்க்கின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். வெர்னியரால் அளக்கும்போது ஓரத்து மேட்டைத் தவிர்த்து, பேட் உரசும் இடத்தில் அளங்கள். எல்லையை நெருங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புது டிஸ்க்கை வைக்கும் முன் ஹப்பின் (சக்கரமும் டிஸ்க்கும் பொருந்தும் நடுப்பாகம்) முகத்தில் உள்ள துருவைக் கம்பிப் பிரஷால் சுத்தமாகத் தேய்த்தெடுங்கள். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குவதற்கு ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று சொல்வார்கள். பெரும்பாலும் ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே சிக்கிய துருப்பொடிதான் காரணம்.

பேட் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: பந்தய பேட் வாங்காதீர்கள். சூடேறினால்தான் அது பிடிக்கும். கோரிப்பாளையம் சிக்னலில் காலை ஏழு மணிக்கு, குளிர்ந்திருக்கும்போது பிடிக்கும் பேட்தான் நமக்கு வேண்டும். சாலைக்கென்று செய்த நல்ல செமி-மெட்டாலிக் பேட், மலைக்கும் ஊருக்கும் போதும். பிரேக்குக்குப் பெயர்போன சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962 முதல் இருக்கிறது. நல்ல பாகங்களுக்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. போலிப் பெட்டிகளைத்தான் பார்த்து ஒதுக்க வேண்டும். பில் கொடுக்காத கடையில் பிரேக் பாகம் வாங்காதீர்கள்.

பின் டிரம்மை மறந்துவிடுகிறார்கள். மூடியைக் கழற்றியதும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரை மாற்றுங்கள். டிரம்மில் பள்ளம் விழுந்திருந்தால், கே.புதூர் அல்லது கப்பலூர் பக்கம் நல்ல லேத் பட்டறை பார்த்து மெல்லியதாகக் கடைந்து வாங்கலாம். டிரம்மில் பொறித்த அதிகபட்ச விட்டத்தை அது தாண்டக் கூடாது. பின்பக்கத்தைச் சரிசெய்ததும் என் காரின் பெடல் பயணம் பாதியாகக் குறைந்தது. முன்பக்கத்துக்கு ஒரு ரூபாயும் செலவழிக்கும் முன் கிடைத்த பலன் இது.

படி 6: காற்று எடுப்பது

பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் வரிசையில் நம் ஊரில் ஒரு குழப்பம் இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் உருளை) அதிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவது பொது வழக்கம். இடப்பக்க ஸ்டீயரிங் நாடுகளின் கையேட்டைப் பார்த்துப் படித்தவர்கள் வலது பின்சக்கரத்தில் தொடங்குவார்கள். நமக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம், மாஸ்டர் சிலிண்டரும் வலப்பக்கம். ஆகவே இடது பின், வலது பின், இடது முன், வலது முன். உங்கள் காரின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

நிப்பிளில் (காற்றை வெளியே விடும் சிறு திருகு) ஒளி ஊடுருவும் குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது புது ஆயில் உள்ள புட்டிக்குள் மூழ்க வையுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக அழுத்த, மற்றவர் நிப்பிளைத் திறந்து, பெடல் கீழே தங்கும் முன் மூட வேண்டும். இங்கே ஒரு முக்கியமான செய்தி: பழைய காரில் பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் கடைசிப் பகுதிக்குப் பிஸ்டன் ஒருநாளும் போனதில்லை. அங்கே துரு படிந்திருக்கும். அதன்மேல் சீல் ஏறினால் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் கவலை இல்லை. காற்று எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டரை இழந்தவர்கள் பலர், ‘நேற்று வரை நன்றாக இருந்ததே’ என்று புலம்புவதைக் கேட்டிருக்கிறேன்.

குடுவை எப்போதும் பாதிக்குக் கீழே போகக் கூடாது. பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்தால் போதாது.

புது பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். ஞாயிறு விடியற்காலை, தொழிற்பேட்டைச் சாலை போல வண்டி வராத நேரான இடத்தில், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15க்கு மிதமாகக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். பத்துமுறை இப்படிச் செய்துவிட்டு, பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது மிதித்தபடியே நிறுத்தி வைத்தால் பேடின் அச்சு டிஸ்க்கில் படிந்து, பிற்பாடு நடுக்கமாக வெளிப்படும்.

பெரிய டிஸ்க் வேண்டுமா?

கேட்பவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன். 240 மி.மீ. டிஸ்க்குக்குப் பதில் அதே காலிப்பரோடு 258 மி.மீ. டிஸ்க் போட்டால், நிறுத்தும் விசை ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். வெப்பத்தைத் தாங்கும் இரும்பும் கூடும். ஒருமுறை மிதித்து நிற்கும் தூரம் அதனால் குறையாது, ஏனென்றால் நல்ல நிலையில் உள்ள பழைய பிரேக்காலேயே டயரைப் பூட்ட முடியும். தொடர்ந்து மலை இறங்குபவர்களுக்குத்தான் பலன். 13 அங்குல ரிம்முக்குள் பெரிய டிஸ்க் பொதுவாக நுழையாது, 14 தேவைப்படும்.

பிஸ்டன் பெரிதான காலிப்பரைப் போட்டு மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டால் பெடல் பயணம் நீளும். முன்பக்கம் மட்டும் வலுத்தால் பின் பிரேக் சும்மா இருக்கும். பின்பக்கம் வலுத்தால் அதைவிட ஆபத்து: நனைந்த சாலையில் பின்சக்கரம் முதலில் பூட்டினால் கார் பம்பரமாகச் சுற்றும். ஆகவே பின் டிரம்மைக் கழற்றி டிஸ்க் போடும் வேலைக்கு நான் ஆதரவில்லை.

படி 7: சஸ்பென்ஷனில் முதலில் ரப்பர்

லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கை) புஷ் (இணைப்பில் உள்ள ரப்பர் உருளை), பால் ஜாயிண்ட், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுண்ட், பின் ஆக்சில் புஷ். இவை ஐந்தும் புதிதானாலே பாதி கார் திரும்பக் கிடைத்துவிடும். பாலியூரித்தேன் புஷ் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. ஸ்டெபிலைசர் பாரில் (இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) அதைப் போடுங்கள், நன்றாக இருக்கும். லோயர் ஆர்மில் வேண்டாம். நம் சாலையின் ஒவ்வொரு ஒட்டும் கைக்கு வந்து சேரும், கோடையில் கிறீச்சிடும்.

புஷ் மாட்டும்போது பத்துக்கு எட்டுப் பேர் செய்யும் தவறு ஒன்று உண்டு. காரைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொடுக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் அது முறுக்கிய நிலையிலேயே இருந்து ஓராண்டில் கிழிந்துவிடும். போல்ட்டைக் கையளவு பூட்டிவிட்டு, காரின் எடை சக்கரத்தின்மேல் இறங்கிய பிறகு டார்க் ரெஞ்ச்சால் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள்.

படி 8: ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும்

ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. ஷாக் அதன் ஆட்டத்தை அடக்குகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள்.

“அண்ணே, இரண்டு சுற்று வெட்டிவிடலாம், வண்டி சும்மா கும்மென்று உட்காரும்” என்று ஒரு தம்பி என்னிடம் அன்போடுதான் சொன்னான். அவனுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறேன். ஸ்பிரிங்கின் இறுக்கம் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதம். வேலை செய்யும் ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் இறுக்கம் 20 சதவீதம் கூடும்; ஷாக் அதற்கென்று செய்யப்பட்டதில்லை, துள்ளும். வெட்டிய முனை ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்கியதும் ஸ்பிரிங் விலகக்கூடும். காஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டி இறக்குவது இன்னும் மோசம். எஃகின் பதமே போய்விடும். சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரும் அந்தச் சுற்றை வேலை செய்யாமல் தடுத்து, மற்றவற்றின் மேல் சுமையைத் தள்ளுகிறது.

தாழ்த்தியே ஆக வேண்டுமென்றால் அந்தக் காருக்கென்று செய்த ஸ்பிரிங்கில் 20, 25 மி.மீ. போதும். மெக்பெர்சன் காரை அதற்கு மேல் இறக்கினால் லோயர் ஆர்ம் படுக்கை மட்டத்தைக் கடந்து மேல்நோக்கிச் சாயும். வளைவில் கார் குறைவாகச் சாய்வதற்குப் பதில் அதிகமாகச் சாய முற்படும். ஸ்பிரிங் அமுங்கும் தூரம் தீர்ந்து பம்ப் ஸ்டாப்பர் என்ற ரப்பர்த் தடுப்பில் இடிக்கும். நம் ஊர்களில் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் கோவிலுக்கும் முன்னால் வர்ணம் அடிக்காத வேகத்தடை இருக்கிறது. என் காரின் உயரத்தை நான் மாற்றவில்லை. நல்ல காஸ் ஷாக்கும் புது ஸ்பிரிங்கும் போட்டேன், அவ்வளவுதான்.

வளைவில் சாய்வதுதான் குறை என்றால் ஸ்டெபிலைசர் பாரைப் பாருங்கள். அதன் இறுக்கம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது: 16 மி.மீ. கம்பிக்குப் பதில் 18 போட்டால் 60 சதவீதம் அதிகம். முன்சக்கர இயக்கக் காரில் முன் பாரைத் தடிப்பாக்கினால் மூக்கு வெளியே தள்ளும் குணம் கூடும் என்பதால், அதைச் செய்யும் முன் இருமுறை யோசியுங்கள்.

ஸ்ட்ரட்டைப் பிரிக்கும் வேலை உயிரோடு விளையாடும் வேலை. ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இரண்டையும் எதிரெதிரே மாட்டி, மாற்றி மாற்றிச் சில திருகல்களாக இறுக்குங்கள். ஸ்பிரிங் தாங்கும் தட்டிலிருந்து விடுபட்டுக் கையால் ஆட்ட முடிகிற நிலை வந்த பிறகே மேல் நட்டைத் தொட வேண்டும். முகத்தை அதற்கு நேராக வைக்காதீர்கள். சுவரில் பொருத்திய கம்ப்ரெஸர் உள்ள பட்டறையில் இந்த ஒரு வேலையை மட்டும் கொடுத்து வாங்குவது அறிவுடைமை. நான் அப்படித்தான் செய்தேன்.

எல்லாம் மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டர் ஓட்டி, ஸ்பிரிங் படிந்ததும், வீல் அலைன்மெண்ட். காகிதத்தில் அச்சிட்டுக் கேளுங்கள். முன் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் திசை வித்தியாசம்) சுழிக்கு அருகில், கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) அரை முதல் ஒரு டிகிரி உட்சாய்வு. இடம் வலம் வித்தியாசம் அரை டிகிரிக்குள். கேம்பரைச் சரிசெய்ய முடியுமா என்பது ஸ்ட்ரட் மாட்டிய முறையைப் பொறுத்தது, உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள்.

படி 9: நம்பிக்கை வைக்கும் முன்

முதல் நாள் ஊருக்குள். திரும்பி வந்ததும் வீல் நட்டுகளையும் நிப்பிள்களையும் பாருங்கள். இரண்டாவது நாள் வண்டி குறைந்த நேரத்தில் ரிங் ரோடு. அதன் பிறகு சிறுமலை: திண்டுக்கல்லுக்கு அருகே பதினெட்டு கொண்டை ஊசி வளைவு, போய்த் திரும்ப அரை நாள் போதும். அங்கே ஏறும்போது சஸ்பென்ஷனைக் கவனியுங்கள், இறங்கும்போது பிரேக்கை. எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். பிரேக்கை உரசிக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் உறுதியாக ஒருமுறை மிதித்து விட்டுவிடுங்கள்.

பிறகு கொடைக்கானல். இறங்கிக் காட்ரோடு வந்ததும் சமதளமாகப் பார்த்து நிறுத்தி, காரைக் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்திவிடுங்கள். சூடான டிரம்மை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. டிஸ்க்கின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். டீ சொல்லிவிட்டு, தொடாமல், உள்ளங்கையை ஒவ்வொரு ரிம்முக்கும் அருகே கொண்டுபோங்கள். முன்சக்கரம் இரண்டிலும் அனல் ஒரே அளவில் அடிக்க வேண்டும். பின்சக்கரம் இரண்டும் அதைவிடக் குறைவாக, ஆனால் தமக்குள் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கூடுதலாகச் சுட்டால் அங்கே பிஸ்டனோ பின்னோ ஹோஸோ பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை. எந்தச் சக்கரம் என்று நோட்டில் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு மெதுவாக ஓட்டிப்போய், அந்த மூலையை மட்டும் நான்காவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.